கணினிக்குச் சொல் கற்பித்த கிரேஸ் ஹாப்பர்

நமது கைப்பேசியிலும், வீட்டிலுள்ள சலவை இயந்திரத்திலும், அடுக்குமாடிக் கட்டடத்தின் மின்தூக்கியிலும் நுண்செயலி என்னும் சிறிய சில்லு ஒன்று வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்தச் சில்லுக்கு எந்த மனித மொழியும் தெரியாது. தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மின்னழுத்தம் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்னும் இரண்டு நிலைகளை மட்டுமே அது வேறுபடுத்தி அறியும். அந்த இரண்டு நிலைகளை நாம் 1 என்றும் 0 என்றும் எழுதுகிறோம்.

எடுத்துக்காட்டாக, 1976ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் 8085 என்னும் நுண்செயலியைப் பார்ப்போம். அதற்கு 10000000 என்னும் எண்ணைக் கொடுத்தால், தன்னிடம் ஏற்கெனவே உள்ள எண்ணோடு 'பி' என்னும் இடத்தில் உள்ள எண்ணைக் கூட்டும். கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி 10000001 என்று கொடுத்தால், 'சி' என்னும் இடத்தில் உள்ள எண்ணைக் கூட்டிவிடும். ஓர் இலக்கம் மாறினாலே கணக்கு மாறிவிடுகிறது. இப்படிப்பட்ட கட்டளைகளை ஆயிரக்கணக்கில் எழுதும்போது, தவறு செய்யாத மனிதர் யார்?

இதனால்தான் நிரல் எழுதுவோர் இந்த எண்களுக்குப் பதிலாக, 'ஆட் பி', 'ஆட் சி' போன்ற சுருக்கமான சொற்களை எழுதுகின்றனர். இந்தச் சொற்களால் ஆன மொழிக்கு அசெம்பிளி மொழி என்று பெயர். அச்சொற்களை 0, 1 ஆகிய இலக்கங்களாக மாற்றித் தருவதும் ஒரு நிரலே. அதை அசெம்பிளர் என்பார்கள். இன்று இது எளிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால், கணினி தோன்றிய காலத்தில், மனிதர் எழுதுவதை மொழிபெயர்க்கும் வேலையைக் கணினியே செய்யும் என்பதைப் பலரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதைச் செய்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர்தான் கிரேஸ் ஹாப்பர்.

ஏழு கடிகாரங்கள்

கிரேஸ் புரூஸ்டர் மரே 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை காப்புறுதித் துறையில் பணியாற்றினார். தாயார் கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். மூன்று பிள்ளைகளில் கிரேஸ்தான் மூத்தவர்.

ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, அலாரக் கடிகாரம் எப்படி மணியடிக்கிறது என்று அறிய அவருக்கு ஆவல் ஏற்பட்டது. ஒரு கடிகாரத்தைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. அது எப்படி இருந்தது என்று பார்ப்பதற்காக இன்னொன்றைக் கழற்றினார். இப்படியே வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் துண்டு துண்டாகிவிட்டன. தாயார் அவரைத் தண்டிக்கவில்லை. இனி ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றிப் பார்க்கலாம் என்று வரம்பு விதித்தார். மகளின் ஆர்வத்தை அணைக்காமல் நெறிப்படுத்திய தாய் அவர்.

தந்தைக்கு இரத்தக் குழாய் நோயினால் இரண்டு கால்களும் அகற்றப்பட்டன. இருந்தும் அவர் மனம் தளராமல் வேலைக்குச் சென்றுவந்தார். பெண்களுக்கு உயர்கல்வி தேவையில்லை என்று பலரும் கருதிய அக்காலத்தில், தம் மகள்கள் தம் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று அவர் விரும்பினார். மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்.

கிரேஸின் கல்விப் பாதையும் தடையில்லாமல் அமைந்துவிடவில்லை. பதினாறு வயதில் வாசர் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, இலத்தீன் தேர்வில் போதிய புள்ளிகள் பெறவில்லை. எனவே அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் ஓராண்டு காத்திருந்து, மீண்டும் முயன்று சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்ததால் கிரேஸ் ஹாப்பர் ஆனார். பின்னாளில் அந்த மணவாழ்க்கை முறிந்தது. எனினும் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே அவர் கணித விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

கடற்படைச் சீருடை

1941ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. ஹாப்பரின் முன்னோர் ஒருவர் கடற்படைத் தளபதியாக இருந்தவர். தாமும் கடற்படையில் சேர வேண்டும் என்று ஹாப்பர் விரும்பினார். ஆனால், முப்பத்தைந்து வயதை நெருங்கிய அவர் கடற்படையின் கணக்கில் வயது கூடியவர். அவருடைய எடையும் விதித்த அளவைவிடச் சுமார் 7 கிலோகிராம் குறைவு. அதோடு, கணிதப் பேராசிரியர்கள் கல்லூரியிலேயே இருப்பது நாட்டுக்குத் தேவை என்று அரசு கருதியது.

மூன்று காரணங்களும் சேர்ந்து கதவை அடைத்தன. ஹாப்பர் விடவில்லை. எடைக்குச் சிறப்பு விலக்குக் கேட்டுப் பெற்றார். கல்லூரியிலிருந்து விடுப்பும் பெற்றார். 1943ஆம் ஆண்டு டிசம்பரில் கடற்படையின் துணைப் படையில் சேர்ந்தார். தம்மைவிட வயதில் மிகவும் இளையவர்களோடு பயிற்சி பெற்று, வகுப்பில் முதல் நிலையில் தேறினார்.

கப்பலில் பணி கிடைக்கும் என்று நினைத்தவருக்கு, ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் இயந்திரத்தின் முன்னே பணி கிடைத்தது. 1944ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அவர் அங்குச் சென்றார். அந்த இயந்திரத்தின் பெயர் மார்க் 1. அதை உருவாக்கியவர் ஹோவர்ட் ஐக்கன். அதன் நீளம் சுமார் 15.5 மீட்டர், உயரம் சுமார் 2.4 மீட்டர், எடை ஏறக்குறைய 5 டன். உள்ளே இலட்சக்கணக்கான உறுப்புகள். இயங்கத் தொடங்கினால் பெரும் ஓசை எழும்.

அதைப் பார்த்து ஹாப்பர் மிரளவில்லை. ஏழு கடிகாரங்களைக் கழற்றிய சிறுமிக்கு அதைவிட அழகான கருவி வேறு இருந்திருக்க முடியாது. ஐக்கன் அவருக்கு ஒரு கணக்கைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னார். விடைகள் 23 இலக்கங்கள் வரை துல்லியமாக இருக்க வேண்டும். கணினி என்றால் என்ன என்று அதுவரை அறியாத ஹாப்பர், அந்த ஒரு வாரத்தில் அதற்கு நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

துளைகளால் ஆன மொழி

மார்க் 1 இயந்திரத்துக்குக் கட்டளைகளைக் காகித நாடாவின் வழியாகக் கொடுத்தனர். நாடாவின் ஒவ்வொரு வரிசையிலும் 24 இடங்கள் இருந்தன. ஓர் இடத்தில் துளை இருக்கலாம். அல்லது இல்லாமல் இருக்கலாம். முதல் எட்டு இடங்கள் எண்ணை எங்கிருந்து எடுப்பது என்பதைக் காட்டும். அடுத்த எட்டு இடங்கள் எடுத்த எண்ணை எங்கே வைப்பது என்பதைக் காட்டும். கடைசி எட்டு இடங்கள் என்ன செய்வது என்பதைக் காட்டும்.

இன்றைய நுண்செயலியின் கட்டளையும் அடிப்படையில் இப்படித்தான் அமைந்துள்ளது. எதைச் செய்ய வேண்டும், எந்த இடத்தில் உள்ள எண்ணைக் கொண்டு செய்ய வேண்டும் என்னும் இரண்டையும் அது சொல்லியாக வேண்டும். எண் இருக்கும் இடத்தை முகவரி என்கிறோம். வேகம்தான் பெரிதும் மாறியிருக்கிறது. மார்க் 1 ஒரு நொடியில் மூன்று கூட்டல் கணக்குகளைச் செய்தது. ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வரை எடுத்துக்கொண்டது. அக்காலத்தில் அதுவே பெரிய வியப்பு.

போர்க்காலம் ஆகையால் இரவு பகல் பாராமல் கணக்குகள் வந்துகொண்டிருந்தன. ஹாப்பரும் அவருடன் பணியாற்றிய அலுவலர்களும் ஒன்றைக் கவனித்தனர். வெவ்வேறு கணக்குகளில் ஒரே வகைப் பகுதிகள் திரும்பத் திரும்ப வந்தன. எனவே, சரியாக வேலை செய்த பகுதிகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துக்கொண்டனர். தேவைப்பட்டபோது அங்கிருந்து பார்த்து எழுதினர். இத்தகைய பகுதிகளே இன்று துணைநிரல்கள் எனப்படுகின்றன.

இந்த முறையில் நேரம் மிச்சமானது. ஆனால், புதிய தொல்லைகளும் முளைத்தன. பார்த்து எழுதும்போது மனிதர்கள் தவறு செய்தனர். கையால் எழுதிய 'பி' என்னும் ஆங்கில எழுத்து, இன்னொருவர் கண்ணுக்கு 13 ஆகத் தெரிந்தது. பின்னர், நிரல்களை நினைவகத்திலேயே சேமித்து வைக்கும் கணினிகள் வந்தபோது, கூட்டலிலும் தவறுகள் நேர்ந்தன. ஒரு துணைநிரலில் ஏழாவது வரிக்குச் செல் என்னும் கட்டளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதே துணைநிரலை நினைவகத்தின் 200ஆவது இடத்திலிருந்து தொடங்கினால், அக்கட்டளை 207ஆவது இடத்துக்குச் செல் என்று மாற வேண்டும். ஒவ்வொரு முகவரியையும் இப்படிக் கூட்டி மாற்ற வேண்டும். ஒன்றைத் தவறவிட்டாலும் நிரல் முழுவதும் பாழாகும்.

பார்த்து எழுதுவதிலும் கூட்டுவதிலும் மனிதர்கள் தவறு செய்கிறார்கள். கணினியோ அந்த இரண்டு வேலைகளையும் தவறில்லாமல் செய்யவே பிறந்தது. அப்படியானால், நிரல் எழுதுவதில் உள்ள இந்தச் சலிப்பூட்டும் வேலையை அதனிடமே ஏன் ஒப்படைக்கக் கூடாது? ஹாப்பரின் வாழ்நாள் பணி இந்தக் கேள்வியிலிருந்துதான் வளர்ந்தது.

அந்துப்பூச்சியின் கதை

ஹாப்பரைப் பற்றிப் பேசும்போது பலரும் ஒரு பூச்சியின் கதையைச் சொல்வர். 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டில் உருவாக்கிய மார்க் 2 கணினி சரியாக இயங்கவில்லை. பணியாளர்கள் தேடிப் பார்த்தபோது, ஒரு மின்விசைக் கருவியில் அந்துப்பூச்சி ஒன்று சிக்கி இறந்து கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, அதன் அருகே குறிப்பும் எழுதி வைத்தனர்.

கணினிப் பிழையைப் பூச்சி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் குறிப்பது இந்த நிகழ்ச்சியால்தான் தொடங்கியது என்று சிலர் கூறுவதுண்டு. அது சரியன்று. பொறியாளர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சொல்லைப் பயன்படுத்தி வந்தனர். பூச்சியைக் கண்டெடுத்தவர் ஹாப்பரும் அல்லர். ஆயினும், அவர் இந்தக் கதையைப் பலமுறை சுவையாகச் சொன்னதால் அது உலகெங்கும் பரவியது.

எட்டின் கணக்கு

போர் முடிந்த பின்னரும் ஹாப்பர் சில ஆண்டுகள் ஹார்வர்டில் பணியாற்றினார். அங்கு அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1949இல் பிலடெல்பியா நகரில் இருந்த எக்கர்ட் மோக்லி கணினி நிறுவனத்தில் மூத்த கணித வல்லுநராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 42. புதிதாகத் தோன்றிய சிறிய நிறுவனம் அது. பிழைக்குமா என்பதே உறுதியாகத் தெரியாத காலம்.

அங்கு பைனாக் என்னும் கணினிக்கு நிரல் எழுத வேண்டியிருந்தது. நீண்ட இரும எண்களை மனிதர் எழுதுவது கடினம். ஆகவே, மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூன்றையும் 0 முதல் 7 வரையிலான ஓர் எண்ணால் எழுதினர். எட்டை அடிப்படையாகக் கொண்ட இந்த எண்முறையில் 8, 9 என்னும் இலக்கங்களே இல்லை. பத்தின் முறையில் 100இலிருந்து 25ஐக் கழித்தால் 75 வரும். எட்டின் முறையிலோ விடை 53 என்று எழுதப்படும்.

ஹாப்பர் எட்டின் முறையில் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் நன்றாகப் பழகிக்கொண்டார். சில மாதங்கள் கழித்து, அவருடைய வங்கிக் கணக்குப் புத்தகம் வங்கியின் கணக்கோடு ஒத்துவரவில்லை. எத்தனை முறை பார்த்தும் காரணம் புரியவில்லை. கடைசியில், வங்கித் துறையில் இருந்த தம்பியிடம் உதவி கேட்டார். தம்பி பொறுமையாகப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தார். அக்காள் சில இடங்களில் பணத்தை எட்டின் முறையில் கழித்து வைத்திருந்தார்!

கேட்பதற்கு இது வேடிக்கையாக இருக்கும். ஹாப்பருக்கோ இது ஒரு பாடமாக அமைந்தது. கணினிக்காக மனிதர் தம் சிந்தனையை வளைத்துக்கொள்வதா? மனிதருக்காகக் கணினி வளைந்துகொடுக்க வேண்டாமா?

எழுத்துகளால் கட்டளை

அக்காலத்தில் இதே திசையில் வேறு சிலரும் நடந்துகொண்டிருந்தனர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் எட்சாக் என்னும் கணினி இயங்கத் தொடங்கியது. அதற்கு டேவிட் வீலர் என்னும் இளைஞர் ஒரு சிறு நிரலை எழுதினார். மனிதர் ஓர் எழுத்தாலும் சாதாரண எண்ணாலும் எழுதும் கட்டளையை அது இரும எண்ணாக மாற்றியது. இலண்டனில் கேத்லின் பூத் என்பவரும் அசெம்பிளி மொழிக்கு வித்திட்டார்.

ஹாப்பர் பணியாற்றிய நிறுவனத்தில் யூனிவாக் என்னும் கணினி உருவானது. அதன் கட்டளைகளை வடிவமைப்பதில் பெட்டி ஹோல்பர்ட்டன் என்னும் பெண் நிரலாளர் பெரும்பங்கு ஆற்றினார். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகியவற்றைக் குறிக்க அந்தந்த ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தையே அவர் பயன்படுத்தினார். அதனால் கட்டளைகளை நினைவில் வைத்திருப்பது எளிதாயிற்று. மேலும், தரவுகளை வரிசைப்படுத்தும் நிரல்களைத் தானே எழுதித் தரும் ஒரு நிரலையும் ஹோல்பர்ட்டன் உருவாக்கினார். நிரலை எழுதும் நிரல் சாத்தியம் என்பதை ஹாப்பர் அதிலிருந்து உணர்ந்தார். தமக்கு வழிகாட்டியவர் ஹோல்பர்ட்டன் என்பதைப் பின்னாளில் அவர் மறைக்காமல் சொல்லி வந்தார்.

எவரும் நம்பாத நிரல்

1951ஆம் ஆண்டு அக்டோபரில் ஹாப்பர் தம் எண்ணத்தைச் செயல்படுத்தத் தொடங்கினார். சோதித்துப் பார்த்த துணைநிரல்களை ஒரு காந்த நாடாவில் சேமித்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் அழைப்புக் குறி கொடுத்தார். நூலகத்தில் நூல்களுக்கு எண் இடுவதைப் போன்றது இது. நிரலாளர் தமக்குத் தேவையான துணைநிரல்களின் குறிகளை வரிசையாக எழுதினால் போதும். நாடாவில் அவற்றைத் தேடுவது, படியெடுப்பது, முகவரிகளைக் கூட்டி மாற்றுவது, எல்லாவற்றையும் ஒரே நிரலாகக் கோப்பது ஆகிய வேலைகளைக் கணினியே செய்துவிடும்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் குறுக்கிட்டது. யூனிவாக்கின் நினைவகம் 1000 சொல்லிடங்களே கொண்டது. ஆதலால், நிரலை முதலிலிருந்து கடைசி வரை ஒரே முறையில் கோத்து முடிக்க விரும்பினார். நிரலின் முன்பகுதியில், பின்னால் வரப்போகும் ஒரு பகுதிக்குத் தாவு என்னும் கட்டளை வந்தால் என்ன செய்வது? அந்தப் பகுதி எந்த முகவரியில் அமையும் என்பது அப்போது தெரியாதே!

ஹாப்பருக்குக் கல்லூரியில் தாம் ஆடிய கூடைப்பந்து நினைவுக்கு வந்தது. அக்காலப் பெண்கள் ஆட்டத்தில் பந்தோடு நெடுந்தூரம் ஓடக் கூடாது. ஆட்டக்காரர் பந்தைத் தோழியிடம் எறிந்துவிட்டுக் கூடையை நோக்கி ஓடுவார். உரிய இடத்தை அடைந்ததும் தோழி பந்தைத் திருப்பி எறிவார். ஹாப்பர் அதே உத்தியைக் கையாண்டார். நினைவகத்தின் கடைசியில் ஒரு சிறிய பகுதியை ஒதுக்கினார். பின்னால் தாவ வேண்டிய கட்டளை முதலில் அந்த மூலைக்குத் தாவும். உரிய பகுதியின் முகவரி பிறகு தெரிந்ததும், மூலையிலிருந்து அங்குத் தாவும் இரண்டாவது கட்டளை எழுதப்படும். இன்று அசெம்பிளர் எழுதக் கற்கும் மாணவர்களும் இதே சிக்கலைச் சந்தித்துத் தீர்க்கிறார்கள்.

1952ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்த நிரலைப் பற்றி ஹாப்பர் ஒரு மாநாட்டில் கட்டுரை படித்தார். நிரலுக்கு ஏ-0 என்று பெயர். துணைநிரல்களைத் தொகுத்துத் தருவதால் அதைத் தொகுப்பி என்று அழைத்தார். இன்று நாம் தொகுப்பி என்று சொல்வது இதைவிட மிகவும் விரிந்தது. எனினும், அந்தப் பெரிய மரத்துக்கு விதை இதுவே.

நிரல் சரியாக இயங்கியது. ஆனால், அதைத் தொட்டுப் பார்க்கக்கூடப் பலர் முன்வரவில்லை. கணினியால் கணக்குத்தான் போட முடியும், நிரல் எழுத முடியாது என்றனர். அனுபவம் மிக்க நிரலாளர்கள் சிலருக்கும் இது பிடிக்கவில்லை. கையால் நுணுக்கமாக எழுதும் நிரலைப் போல் இயந்திரம் எழுதும் நிரல் வேகமாக ஓடாது என்று வாதிட்டனர். அவர்கள் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது. இருப்பினும், கணினியின் நேரத்தைப் போலவே மனிதரின் நேரமும் மதிப்புள்ளது என்பதை ஹாப்பர் எடுத்துரைத்துக்கொண்டே இருந்தார்.

சொற்களைக் கற்ற கணினி

கணிதம் படித்தவர்கள் குறியீடுகளை விரும்புவார்கள். கணக்கர்களும் கடைக்காரர்களும் அலுவலகப் பணியாளர்களும் அப்படியல்லர். அவர்களுக்குச் சொற்கள் வேண்டும். ஆகவே, சாதாரண ஆங்கிலச் சொற்களால் எழுதும் நிரல் மொழி ஒன்றை உருவாக்கலாம் என்று ஹாப்பர் நிறுவனத்திடம் கூறினார். கணினிக்கு ஆங்கிலம் புரியாது என்னும் பதிலே கிடைத்தது.

ஹாப்பர் வாதத்தை நிறுத்திவிட்டுச் செயலில் இறங்கினார். தம் குழுவினருடன் ஒரு சிறிய மாதிரியைச் செய்து காட்டினார். ஒரே நிரலை ஆங்கிலச் சொற்களாலும், பிரெஞ்சுச் சொற்களாலும், ஜெர்மன் சொற்களாலும் எழுதி இயக்கினார். ஓர் எழுத்துக்கூட்டம் இன்ன கட்டளையைக் குறிக்கும் என்று சொல்லிவிட்டால் போதும், அது எந்த மொழியாக இருந்தாலும் கணினிக்கு ஒன்றுதான் என்பதே அவர் காட்ட விரும்பிய உண்மை. நிறுவனத் தலைவர்களோ திடுக்கிட்டுப் போயினர். பிலடெல்பியாவில் செய்த அமெரிக்கக் கணினிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று குழம்பினர். இறுதியில், ஆங்கிலச் சொற்களை மட்டுமே பயன்படுத்துவதாக ஹாப்பர் உறுதி கூற வேண்டியிருந்தது!

இப்படிப் பிறந்ததே ஃபுளோமேட்டிக் என்னும் மொழி. 1959ஆம் ஆண்டு மே மாதத்தில், எல்லா நிறுவனங்களின் கணினிகளுக்கும் பொதுவான ஒரு வணிக மொழியை உருவாக்குவது குறித்து அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகத்தில் கூட்டம் நடைபெற்றது. அதன் விளைவாகக் கோபால் என்னும் மொழி உருவானது. அதை உருவாக்கியது பலர் அடங்கிய குழு. ஹாப்பர் அதற்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃபுளோமேட்டிக் அதற்கு அடித்தளமாக அமைந்தது.

1960ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு முக்கியச் சோதனை நடந்தது. கோபால் மொழியில் எழுதிய ஒரே நிரல், இரண்டு வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரண்டு கணினிகளில் சிறு மாற்றங்களோடு இயங்கியது. இயந்திர மொழியிலோ அசெம்பிளி மொழியிலோ எழுதிய நிரலால் இதைச் செய்ய இயலாது. ஏனெனில், அவை அந்தந்தக் கணினிக்கே உரியவை.

மூன்று முறை விடைபெற்றவர்

இத்தனைக்கும் இடையில் ஹாப்பர் கடற்படையின் துணைப் படையிலும் தொடர்ந்து பணியாற்றி வந்தார். 1966ஆம் ஆண்டின் இறுதியில், வயதைக் காரணம் காட்டிக் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அவருக்கு அப்போது வயது 60. அந்த நாளைத் தம் வாழ்வின் துயரமான நாளாக அவர் கருதினார்.

ஆனால், ஏழே மாதங்களில் கடற்படை அவரைத் திரும்ப அழைத்தது. கடற்படையின் பல அலுவலகங்களில் கோபால் மொழி பலவாறாகச் சிதைந்து கிடந்தது. அதை ஒழுங்குபடுத்த அவரே தேவைப்பட்டார். ஆறு மாதப் பணி என்று அழைக்கப்பட்டவர், 1971இல் மீண்டும் ஓய்வுபெற்று, 1972இல் மீண்டும் அழைக்கப்பட்டார். அவர் இறுதியாக விடைபெற்றது 1986ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாளில்தான். அப்போது அவர் ரியர் அட்மிரல் என்னும் உயர் பதவியை அடைந்திருந்தார். வயது 79.

இந்த ஆண்டுகளில் அவர் நாடெங்கும் சென்று மாணவர்களிடையே உரையாற்றினார். தம் உரைகளுக்குச் சிறிய கம்பித் துண்டுகளைக் கொண்டுசெல்வார். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளம். ஒரு நொடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தொலைவு அது. பிறகு, ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தொலைவு அது. கணினியின் உறுப்புகள் ஏன் சிறிதாக, நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது கம்பியைக் கையில் பிடித்தவுடன் எவருக்கும் விளங்கிவிடும். 1971இல் வெளிவந்த முதல் வணிக நுண்செயலியான இன்டெல் 4004, சுமார் 2300 டிரான்சிஸ்டர்களை விரல் நுனியளவு சில்லில் அடக்கியது. மார்க் 1 போன்ற அறையளவு இயந்திரத்தில் பணியைத் தொடங்கிய ஹாப்பர், இந்த மாற்றத்தையும் தம் கண்ணால் கண்டார்.

கடற்படையை விட்ட பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. ஒரு கணினி நிறுவனத்தின் ஆலோசகராகப் பணியேற்றார். 1991இல் அமெரிக்க அரசு அவருக்குத் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வழங்கியது. 1992ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், தம் 85ஆம் வயதில் அவர் காலமானார். பின்னர், அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

இடப்புறம் சுழலும் கடிகாரம்

இன்று பெரும்பாலான நிரல்கள் மனிதர் எளிதில் படிக்கக்கூடிய மொழிகளில் எழுதப்படுகின்றன. ஆயினும், அசெம்பிளி மொழி மறைந்துவிடவில்லை. கணினி விழித்தெழும் முதல் கணத்திலும், மிகச் சிறிய கருவிகளிலும், வேகம் மிக மிகத் தேவைப்படும் இடங்களிலும் அது இன்றும் பயன்படுகிறது. நுண்செயலி உண்மையில் எப்படி இயங்குகிறது என்பதை அறிய விரும்பும் மாணவர்கள் அதைக் கற்கிறார்கள். நாம் எந்த மொழியில் எழுதினாலும், அது கடைசியில் 0, 1 ஆகியவற்றால் ஆன கட்டளைகளாகவே சில்லைச் சென்றடைகிறது. அந்த நெடுவழியில் நடுவே நின்று மொழிபெயர்க்கும் நிரல்கள் ஓசையின்றி உழைக்கின்றன.

ஹாப்பரின் அலுவலகச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்கியது. அதன் முட்கள் மற்றக் கடிகாரங்களுக்கு எதிர்ப்புறமாகச் சுழலும். முதலில் பார்ப்பவர் குழம்புவார். சற்றுப் பழகிய பின், அதிலும் நேரம் பார்க்க முடியும் என்பதை உணர்வார். இதுவரை இப்படித்தான் செய்து வந்தோம் என்பதற்காக ஒன்றை அப்படியே தொடர வேண்டியதில்லை என்பதை நினைவூட்டவே அவர் அதை மாட்டி வைத்திருந்தார்.

வயது கூடியவர், எடை குறைந்தவர், நடக்காததைப் பேசுகிறவர் என்றெல்லாம் அவர் விலக்கப்பட்டார். அவற்றுக்கு அவர் செயலால் விடையளித்தார். சலிப்பூட்டும் ஒரு வேலையைச் செய்ய நேரும்போது நாம் பெரும்பாலும் முணுமுணுக்கிறோம். ஹாப்பரோ, அந்த வேலை ஏன் இப்படி இருக்கிறது, வேறு எப்படிச் செய்யலாம் என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பயனை நாம் ஒவ்வொரு நாளும் நம் விரல் நுனியில் அனுபவிக்கிறோம்.